எடை குறையலையா? நடையை நிறுத்த அது காரணமல்ல

"ரெண்டு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட குறையல. அப்புறம் எதுக்கு நடக்கணும்?" ஜாசினிலோ அலோர் காஜாவிலோ இனிப்பு நீர் உள்ள அப்பா, அம்மாவை நடக்கச் சொன்னவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. எடை மெஷின் காட்டாத ஒரு வேலை உடம்புக்குள் நடக்கிறது.

முதலில் நிலவரம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அந்த ஆய்வில் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் இருப்பதே முன்பு தெரியாது. 2023-இல் நாட்டளவிலான விகிதம் 15.6 ஆக இறங்கியது. நிம்மதிப் பெருமூச்சு விட அது போதாது.

மலாக்கா தோட்டங்களில் தாத்தா, பாட்டி விடியும் முன்பே பால் வெட்டக் கிளம்பி, நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்தார்கள். இன்று பலர் பட்டணத்தில், தொழிற்சாலையில், மேசை முன்னால். சோறும் சீனி போட்ட தேநீரும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

தெற்காசிய உடல்வாகில் இன்னொரு சிக்கல்: ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். அந்தக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே கூடி, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. பருத்த எலிகளில் இந்தப் புரதம் இன்சுலினின் வேலையைக் கெடுப்பதை விஞ்ஞானிகள் 1993-இல் காட்டினார்கள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. உமி நெருப்பு மாதிரி உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும்.

இங்கேதான் தசை வருகிறது. உழைக்கும் தசை ஐஎல்-6 என்ற புரதத்தை ரத்தத்தில் விடுவதை 2000-இல் கோப்பன்ஹேகனில் பெண்டே பெடர்சன் குழுவினர் கண்டறிந்தனர். வேடிக்கை என்னவென்றால், அழற்சி உள்ளவர்களின் ரத்தத்திலும் இதே ஐஎல்-6 கூடுதலாக இருக்கும். ஆனால் உடற்பயிற்சியின்போது அது கொஞ்ச நேரம் மட்டும் உயர்ந்து இறங்குகிறது. அதைத் தொடர்ந்து ஐஎல்-10 போன்ற, அழற்சியை அடக்கும் புரதங்கள் எழுகின்றன. 2003-இல் ஆரோக்கியமானவர்களுக்குக் கிருமி நச்சைச் சிறிதளவு செலுத்திப் பார்த்தார்கள். சும்மா இருந்தவர்களுக்கு டிஎன்எஃப் ஏறியது. சைக்கிள் மிதித்தவர்களுக்கு ஏறவில்லை.

இந்தச் சமிக்ஞை சில மணி நேரத்தில் அடங்கிவிடும். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்வதும் ஓரிரு நாள்தான் நீடிக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆயர் குரோவில் மூச்சிரைக்க ஓடிவிட்டு, மற்ற நாளெல்லாம் உட்கார்ந்திருந்தால் சரிவராது. வாரத்துக்கு 150 நிமிடங்கள், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் என்பதே பொதுவான பரிந்துரை. தோட்டத்துப் பந்துத் திடலைச் சுற்றி வேகமாக நடந்தாலும் கணக்குதான். உண்மையைச் சொன்னால், இடுப்புச் சுற்றளவும் சேர்ந்து குறையும்போதுதான் அழற்சி நன்றாக இறங்குகிறது. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

நடக்கிறோம் என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது. இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே சாப்பிட, பையில் மிட்டாய் இருக்கட்டும். சர்க்கரை கூடினால் வெள்ளை அணுக்கள் மந்தமாகி, காயம் ஆறத் தாமதமாகும். எனவே சிலிப்பர் வேண்டாம், சப்பாத்து போடச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். புண் இருந்தால் அன்றைக்கே கிளினிக்.