கடுகளவு கமா, மலையளவு பொருள்



“கமான்னா மூச்சு விடற இடம்” என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர்கள் நாம். மூச்சு முட்டினால் ஒன்று போடுவோம், அழகுக்கு இன்னொன்று போடுவோம். ஆனால் ஆங்கிலத்தில் ‘ஹூ’, ‘விச்’ என்று தொடங்கும் துணைவாக்கியத்துக்கு முன்னால் விழும் கமா மூச்சுக்காகப் போடுவது அல்ல. “எல்லாமா, சிலது மட்டுமா?” என்ற கேள்விக்கு அதுதான் பதில் சொல்கிறது. ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் என்று நாலாபுறமும் தொழிற்சாலைகள் சூழ வடக்குப்பட்டில் இருக்கும் நமக்கு இது இலக்கண வகுப்போடு முடிகிற சமாசாரமா? இல்லவே இல்லை. நாளைய சம்பளமும் வேலையும் இதில் இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு லாட்டில் 200 காஸ்டிங். அதில் 12-ல் மட்டும் ப்ளோ ஹோல். ஷிப்ட் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறது என்று வையுங்கள்: “ஸ்க்ராப் தி காஸ்டிங்ஸ் விச் ஹேவ் ப்ளோ ஹோல்ஸ்.” கமா இல்லை. ஓட்டை உள்ள 12 மட்டும் கழிவுக்குப் போகும். இப்போது ஒரே ஒரு கமா போடுங்கள்: “ஸ்க்ராப் தி காஸ்டிங்ஸ், விச் ஹேவ் ப்ளோ ஹோல்ஸ்.” இதற்கு அர்த்தம், எல்லாவற்றிலும் ஓட்டை இருக்கிறது, எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்பது. 12 எங்கே, 200 எங்கே! கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இதுதான்.

நமக்கு இது ஏன் பிடிபடுவதில்லை? நம் புத்தி மந்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் மொழியின் அமைப்பு வேறு. தமிழில் இந்த வேலையைச் செய்வது பெயரெச்சம். அது பெயருக்கு முன்னால் வரும். “ஓட்டை விழுந்த காஸ்டிங்கைத் தூக்கிப் போடு” என்றால் ஓட்டை விழுந்தது மட்டுமா, எல்லாமே ஓட்டையா என்பதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறோம். சந்தேகம் வந்தால் “ஓட்டை விழுந்ததை மட்டும்” என்று ஒரு ‘மட்டும்’ சேர்ப்போம். அல்லது “எல்லாத்துலயும் ஓட்டை இருக்கு, தூக்கிப் போடு” என்று பிரித்துச் சொல்வோம். ஓலைச்சுவடியில் காற்புள்ளியே கிடையாது. அச்சு உரைநடை வளர்ந்த 19ஆம் நூற்றாண்டில்தான் அது நம்மிடம் பரவியது. ஆக, தமிழில் ‘மட்டும்’ செய்கிற வேலையை ஆங்கிலத்தில் கமா இல்லாத அந்த வெற்றிடம் செய்கிறது. இதை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் போதும், பாதிப் பயம் தெளிந்துவிடும்.

சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி உண்டு. இரண்டு கமாவுக்கு நடுவில் இருப்பதைக் கட்டைவிரலால் மறையுங்கள். மிச்சம் இருப்பது எழுதியவர் சொல்ல நினைத்ததுதானா? நோட்டீஸ் போர்டில் “ஸ்டூடண்ட்ஸ், ஹூ ஹேவ் நாட் பெய்ட் தி ஃபீஸ், ஷல் நாட் ரைட் தி எக்ஸாம்” என்று ஒட்டினால் என்ன ஆகும்? விரலை வைத்து மறையுங்கள். “மாணவர்கள் பரீட்சை எழுதக் கூடாது!” நமக்குக் கொண்டாட்டம்தான், போங்கள்!

சிரிப்பு இருக்கட்டும். பயிற்சி ஆணையில் “ட்ரெயினீஸ் ஹூ ஹேவ் கம்ப்ளீட்டட் ஒன் இயர்” என்று கமா இல்லாமல் இருந்தால், ஒரு வருடம் முடித்தவருக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. ‘ட்ரெயினீஸ்’ என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறாம் மாதத்தில் போய்க் கேட்டால் கிடைக்குமா?

கோர்ட்டு வரைக்கும் போன விஷயம் இது. 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவில் “ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்” என்ற தொடர் இருந்தது. ‘ஸ்டாக்ஸ்’ என்பதற்குப் பின் கமா இல்லை. அதனால் ‘விற்பனைக்காக’ என்ற நிபந்தனை இருப்பு வைப்பதற்கும் பொருந்தும், விற்கும் நோக்கமில்லாமல் வெறுமனே வைத்திருப்பது அந்தப் பிரிவின்படி குற்றமல்ல என்று மகாராஷ்டிரத்தில் இருந்து வந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 1979ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இது இருக்கிறது. இது ஹூ, விச் வாக்கியம் இல்லைதான். ஆனால் கேள்வி அதேதான்: நிபந்தனை எதுவரைக்கும் எட்டும்?

“வெள்ளைக்காரனே ஒழுங்காப் போடறதில்லே, நமக்கு மட்டும் எதுக்கு?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1952-ல் வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.கே.முகர்ஜியும் நிறுத்தற்குறி ஒரு சிறிய அம்சமே, தெளிவான பொருளை அது ஆட்டிப்படைக்கக் கூடாது என்றுதான் எழுதினார். ஆனால் கவனமாகக் குறியிட்ட சட்டத்தில் சந்தேகம் வரும்போது அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார்.

என் கருத்தும் அதுதான். படிக்கும்போது கமாவை விடாதீர்கள். எழுதும்போது கமாவை மட்டும் நம்பாதீர்கள். ‘ஒன்லி’ என்றோ ‘ஆல்’ என்றோ ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் வம்பே இல்லை. கையும் காலும் சம்பந்தப்பட்ட பாதுகாப்புக் குறிப்புகளைத் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில், நம் ஆட்களுக்குத் தமிழிலும் வடக்கே இருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு அவர்கள் மொழியிலும், எழுதி வைக்கச் சொல்லிக் கேட்போம். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வெர்னியர் காலிப்பரில் 0.02 மில்லிமீட்டர் பார்க்கப் பழகிய கண் நம்முடையது. கையெழுத்துப் போடும் காகிதத்தில் ஒரு கமாவைப் பார்க்க அதற்குத் தெரியாதா என்ன? பார்ப்போம்! கேட்போம்! பிறகு கையெழுத்திடுவோம்!