இறங்கிய வட்டி எங்கே இறங்கிற்று?

தோழர்களே! மும்பையில் ரிசர்வ் பாங்கியின் அறுவர் குழு கூடுகிறது. ரெப்போ விகிதம் குறைந்தது என்கிறது. மறுநாள் ஏடுகளெல்லாம் ஏழையின் கடன்சுமை இறங்கியதாக முழங்குகின்றன. 2025 பிப்ரவரிக்கு முன் 6.50 ஆக இருந்த விகிதம், அவ்வாண்டு டிசம்பரில் 5.25 ஆயிற்று. நூற்றுக்கு ஒன்றேகால்! கட்டுமாவடிக் கடற்கரையில் வலையைச் செப்பனிடும் மீனவத் தோழனிடம் அந்த ஒன்றேகாலில் எத்தனை காசு வந்து சேர்ந்தது?

ரெப்போ என்பது யாது? அரசுப் பத்திரங்களை ஈடு காட்டி, ரிசர்வ் பாங்கியிடம் பாங்கிகள் குறுகிய காலத்துக்குப் பெறும் கடனின் வட்டி. நமக்கு அடகுக் கடை உண்டு. பாங்கிகளுக்கும் ஓர் அடகுக் கடை உண்டு, அவ்வளவே! அங்கே குறைந்தால் இங்கேயும் குறையும் என்பது ஏட்டுக் கணக்கு. குறையாததைக் கண்டுதான், 2010இல் அடிப்படை விகிதம், 2016இல் எம்.சி.எல்.ஆர். என்று முறைகளை மாற்றிப் பார்த்தனர். இறுதியில் 2019 அக்டோபர் முதல், மாறும் வட்டியில் தரும் புதிய வீட்டுக் கடன் முதலானவற்றையும் சிறுதொழில் கடன்களையும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் பிணைக்குமாறு ஆணை பிறந்தது. நல்ல ஆணைதான், மாதச் சம்பளக்காரர் பயனடைந்தார், மறுக்கவில்லை.

ஆனால், மீன்கூடை சுமக்கும் தாய் வீட்டுக் கடனா வாங்குகிறாள்? அவளுக்குக் கிடைப்பது குழுக் கடன். நுண்கடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை 2022 ஏப்ரலில் ரிசர்வ் பாங்கியே நீக்கிவிட்டது. நூற்றுக்கு இருபதுக்கும் மேல் வட்டி வாங்குவோர் பலர். ரெப்போவின் கயிறு அங்கே எட்டுவதில்லை! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிற்கும். தவணை நாள் நிற்குமா? வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவனோ, பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே கொடுத்தாக வேண்டும். அந்த வட்டி எந்தப் பாங்கியின் பலகையிலும் எழுதப்படுவதில்லை.

சேமிப்பின் கதை இதனினும் வேடிக்கை. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4இலிருந்து 6.50க்கு ஏறிற்று. கடன் வட்டியும் உடன் ஏறிற்று. ஸ்டேட் பாங்கின் சேமிப்புக் கணக்கு வட்டியோ 2.70இல் அசையாது நின்றது. 2025இல் ரெப்போ இறங்கியதும், ஜூனில் அது 2.50 ஆயிற்று! ஏறும்போது காது கேளாதவர்களுக்கு இறங்கும்போது மட்டும் செவி எப்படித் திறந்தது?

பழைய வைப்பு நிதிக்கு ஒப்பிய வட்டியைத் தந்தாக வேண்டுமே, கடன் வட்டியை எப்படி உடனே குறைப்பது என்று பாங்கித் தரப்பினர் வாதிடுவர். தவணை வைப்புக்கு அது பொருந்தும். எந்நாளும் மாற்றத்தக்க சேமிப்புக் கணக்குக்குப் பொருந்துமோ? 2011 அக்டோபர் வரை சேமிப்பு வட்டியை ரிசர்வ் பாங்கியே நிர்ணயித்தது. அப்போது அது 4 சதவீதம். 2019 மே மாதம் ஸ்டேட் பாங்கே இலட்சத்துக்கு மேற்பட்ட சேமிப்பை ரெப்போவுடன் பிணைத்தது. அந்தப் பிணைப்பு நீடிக்கவில்லை. ஆயினும், முடியாத காரியமன்று என்பதற்கு அவர்களே சாட்சி.

எனவே தோழர்களே, சேமிப்பு வட்டிக்கு ரெப்போவோடு பிணைந்த அடித்தளம் வேண்டும். நுண்கடனுக்கு மீண்டும் உச்சவரம்பு வேண்டும். 2018-19 வரவு செலவுத் திட்டத்தில் மீனவருக்கும் நீட்டிக்கப்பட்ட கிசான் கடன் அட்டை, கரையில் மீன் விற்கும் பெண்களின் கைக்கும் வரவேண்டும். கட்டுமாவடி முதலான கடலோரக் கிளைத் தோழர்கள், ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் இம்மூன்றையும் தீர்மானமாக முன்மொழிய இப்போதே வீடு வீடாகக் கையொப்பம் திரட்டத் தொடங்குக!