ஞாயிறு மாலைக்குப் பின்

கணினி நிறுவனங்களில் பணியாற்றும் நம் பங்கு இளைஞர் நால்வர் சில திங்களுக்கு முன் நம்மைக் காண வந்தனர். அண்மையிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றுக்கு, சனி, ஞாயிறு இரண்டு நாள்களிலே, காசு பெறாமல் ஓர் இணையதளம் அமைத்துத் தரப்போவதாகக் கூறினர். அந்த இல்லத்தைப் பற்றி வெளியுலகம் அறிய அதுவரை இருந்தவை வாயிற் பலகையும் ஒரு தொலைபேசி எண்ணுமே. நல்ல எண்ணம், நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் வாழ்த்துக் கூறுமுன் ஒன்று கேட்டோம். "ஞாயிறு மாலைக்குப் பின் அதைப் பார்த்துக்கொள்வது யார்?" நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர்.

ஏன் அவ்வாறு கேட்டோம் என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம். இப்படி வார இறுதியிலே கூடி உழைத்துக் கொடுக்கும் வழக்கத்தை அறியாத அன்பர்கள் பலர் இருக்கலாம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்க நாட்டின் டாலஸ் நகரில், 2007ஆம் ஆண்டு, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய கிறிஸ் கோனிக் என்பார் 'கிவ்கேம்ப்' என்னும் முகாமைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலை தொண்டு நிறுவனத்தாரும் கணினி வல்லுநரும் ஓரிடத்தில் கூடுவர். ஞாயிறு பிற்பகலில் வேலை முடிந்திருக்க வேண்டும். இரவு அங்கேயே தங்குவதற்குப் படுக்கையும் கையுமாக வருவோர் உண்டு. நாளடைவில் வேறு நகரங்களிலும் அதே பெயரில் முகாம்கள் நடந்தன. 2015இல் அட்லாண்டா நகரிலே ஜெஃப் ஹிலிமைர், ஆடம் வாக்கர் என்னும் இருவர் இன்னும் துணிந்து, 48 மணி நேரத்தில் 48 தொண்டு நிறுவனங்களுக்கு 48 இணையதளங்கள் என்று திட்டமிட்டனர். அம்முயற்சிக்குப் பெயரே '48இன்48' என்பதாகும்.

இரண்டு நாளில் இது எவ்வாறு இயலும் என்று ஐயுறலாம். செங்கல்லைச் சூளையிலிட்டுச் சுடுவதிலிருந்து தொடங்கினால் இயலாதுதான். ஆனால் கல்லும் மரமும் முன்னரே அறுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவையும் இலவசமாகவே கிடைக்கின்றன. 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் வெளியிட்ட 'வேர்ட்பிரஸ்' என்னும் மென்பொருளை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். இன்று உலகிலுள்ள இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேற்பட்டவை அதன்மீதே நிற்கின்றன. அதற்கும் அடித்தளமான வையவலையின் மென்பொருளை, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று உரிமைத்தொகை ஏதும் கேளாமல் உலகுக்குப் பொதுவாக்கிவிட்டது. நம் இளைஞர் நால்வரும் கொடுக்க வந்தது, தாமும் இலவசமாகப் பெற்றதிலிருந்தே. இதை அவர்களிடம் சொன்னபோது, "ஆமாம் சாமி, அதை நாங்கள் யோசித்ததே இல்லை" என்றான் ஒருவன்.

இப்பொழுது நம் கேள்விக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் இல்லத்துக்கு ஓர் அன்பர் இதேபோல் தளம் அமைத்துத் தந்தார். அழகாகவே செய்திருந்தார். ஆனால் தளத்தின் முகவரிப் பெயரை, டொமைன் என்கிறார்களே அதை, அவசரத்தில் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிட்டார். அது வீட்டு மனையைப் போல் ஒருமுறை வாங்கினால் நமக்கென்று நிலைத்துவிடுவதன்று. ஆண்டுக் கணக்கில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய குத்தகை. அன்பர் வேலை நிமித்தம் கடல் கடந்து சென்றார். நினைவூட்டல்கள் அவர் திறந்து பாராத பழைய மின்னஞ்சலுக்குச் சென்றுகொண்டிருந்தன. தவணை தவறினால் சில நாள் பொறுப்பார்கள். பின்னர்க் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள் தருவார்கள். அதன்பின் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். வந்தது. யாரோ எடுத்துக்கொண்டார்கள். முதியோர் படங்கள் இருந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் தோன்றியது. இல்லத்தின் ரசீதுப் புத்தகங்களிலெல்லாம் அந்த முகவரி அச்சிடப்பட்டிருந்தது. அது போதாதென்று, ஞாயிறு அறிவிப்பில் அதை ஒலிபெருக்கியில் வாசித்தவரும் நாமே. அதன்பின் ஒரு மாதம் நம்மைத் தேடிவந்த தொலைபேசி அழைப்புகளை இங்கே விவரிக்கப் போவதில்லை.

அந்த அன்பரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. எனினும் குருக்களாகிய நாம் ஒரு பங்கிலிருந்து மாற்றலாகிச் செல்லும்போது பதிவேடுகள், கணக்குகள், சாவிகள் அனைத்தையும் பட்டியலிட்டு, அடுத்து வருபவரிடம் கையொப்பம் பெற்றே செல்கிறோம். கணினிப் பணியில் மட்டும் அந்த ஒழுங்கு வேண்டாமா? ஆகையால் நால்வரிடமும் இரண்டைக் கேட்டுக்கொண்டோம். முகவரிப் பெயர் இல்லத்தின் பெயரில், இல்லத்துக்கென்றே உள்ள மின்னஞ்சலில் இருத்தல் வேண்டும். கடவுச்சொற்களும் புதுப்பிக்கும் நாள்களும் ஒரு கோடிட்ட நோட்டில் எழுதப்பட்டு இல்லத்தின் இரும்பு அலமாரியில் இருத்தல் வேண்டும். நோட்டைக் கேட்டதும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சனிக்கிழமை நாமும் சற்று நேரம் சென்று அமர்ந்தோம். கணினி வேலை விரைவாகவே நடந்தது. தடைப்பட்டதெல்லாம் எழுத்து வேலைதான். "இல்லத்தைப் பற்றி நான்கு வரி சொல்லுங்கள் அம்மா" என்றதும், இருபது ஆண்டு அந்த இல்லத்தைச் சுமந்த பொறுப்பாளர் அம்மையாருக்கு ஒரு வரியும் வரவில்லை. "என்ன சொல்ல? சோறு போடுகிறோம், குளிப்பாட்டுகிறோம், செத்தால் அடக்கம் செய்கிறோம்" என்றார். அதையே எழுதுங்கள் என்றோம். இளைஞர்கள் தயங்கி, சிறிது மெருகேற்றி எழுதினர். நமக்கென்னவோ அம்மையாரின் வரியே நன்றாக இருந்தது.

நன்கொடைப் பக்கத்திலும் ஒரு சிக்கல் எழுந்தது. உலகத்தில் எவரும் அட்டை வழியாகப் பணம் அனுப்பும்படி ஒரு பொத்தானை வைக்க இளைஞர்கள் முனைந்தனர். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டாரிடம் பணம் பெறுவது குற்றம். பதிவு பெற்றவரும், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்கிலேயே முதலில் பெற்றாக வேண்டும். இல்லத்துக்குப் பதிவு கிடையாது. பொத்தான் நீக்கப்பட்டது, உள்நாட்டு அன்பர்களுக்கு மட்டும் வங்கிக் கணக்கு எண் இடப்பட்டது.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தளம் முடிந்தது. முற்றத்தில் வேப்பமரத்தடியில் முதியோர் அமர்ந்து சிரிக்கும் படங்கள் முகப்பிலே விளங்கின. சனிக்கிழமை அனைவரிடமும் கேட்டுத்தான் எடுத்திருந்தனர், எவரும் மறுக்கவில்லை. நாங்கள் பேசியபடி, பிரியுமுன் அம்மையாரைக் கணினி முன் அமர்த்தி, எழுத்தை மாற்றவும் படத்தைச் சேர்க்கவும் நீக்கவும் கற்றுக்கொடுத்தான் ஒருவன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. "ஏதாவது ஒன்றை நீங்களே மாற்றிப் பாருங்கள் அம்மா" என்றான்.

அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முகப்பிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டாவது படத்தில் நிறுத்தினார். பச்சைச் சேலை அணிந்த பாட்டி ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கும் படம். இருப்பவற்றுள் அதுவே சிறந்தது. அதை நீக்கிவிட்டார்.

"ஏன் அம்மா, நன்றாகத்தானே இருந்தது?"

"பாட்டி ஊரில் எல்லாரிடமும் மகனோடு பட்டணத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறது, தம்பி. நீங்கள் கேட்டபோது உங்கள் மனம் நோகுமென்று சரியென்றுவிட்டது. இரவெல்லாம் தூங்கவில்லை."

அவன் ஒன்றும் பேசவில்லை. தன் தொலைபேசியை எடுத்து, அதிலிருந்த அந்தப் படத்தையும் அழித்தான். பின்னர், கடவுச்சொல்லை எழுதிக்கொள்ள நோட்டு எங்கே என்று கேட்டான்.