கூரையின் வயதும் காப்பீட்டின் கணக்கும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வீட்டுக் காப்பீடு தொடர்வதும் துண்டிக்கப்படுவதும் பெரும்பாலும் கூரையின் வயதைப் பொறுத்தே அமைகின்றன. 1992இல் ஆண்ட்ரூ புயல் அம்மாநிலத்தின் தென்பகுதியைச் சிதைத்துக் காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றை நொடிக்கச் செய்தபின் வலுப்பெற்ற, பழைய கூரை குறித்த நிறுவனங்களின் அச்சம் ஆதாரமற்றதன்று. கூரை பிய்ந்தால் மழைநீர் புகுந்து, சுவரும் மின்கம்பியும் தட்டுமுட்டுச் சாமான்களும் ஒருசேரக் கெடும். எனினும், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட கூரையையும் கவனிப்பாரற்றுக் கிடந்த கூரையையும் ஆண்டுக்கணக்கு ஒன்றாலேயே அளப்பது சோம்பேறித்தனமான மதிப்பீடு.

2022 மே மாதத்தில் இயற்றப்பட்ட சட்டம் இதை ஓரளவு திருத்தியது. 15 ஆண்டு நிறைவடையாத கூரையுடைய வீட்டுக்கு, கூரையின் வயதை மட்டும் காட்டி நிறுவனங்கள் காப்பீட்டை மறுக்கலாகாது. அதனினும் பழைய கூரையாயின், இன்னும் 5 ஆண்டேனும் அது தாங்கும் எனத் தகுதிபெற்ற ஆய்வாளர் சான்றளித்தால், அப்போதும் வயது காரணமாகாது. ஆய்வுச் செலவு வீட்டுக்காரருடையதே என்பது, ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் மிகுந்த மாநிலத்தில், சிறு சுமையன்று.

காப்பீடு தொடர்வதாலேயே முழு இழப்பும் ஈடாகிவிடாது. புதுக் கூரைக்காகும் முழுச் செலவையும் தரும் ஒப்பந்தம் ஒருவகை. தேய்மானத்தைக் கழித்து எஞ்சிய மதிப்பை மட்டும் தரும் ஒப்பந்தம் மற்றொரு வகை. பழைய கூரையுடையோர் இரண்டாம் வகைக்குத் தள்ளப்படும்போது, அவ்வேறுபாட்டை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே தொகையாக எழுதிக் காட்ட நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துவதே சட்டமன்றத்தின் அடுத்த பணியாக வேண்டும்.