‘ஏ கிரேடு’ பாட்டரி: யார் கொடுத்த பட்டம்?

காசிமேட்டில் விடியற்காலையில் மீன் வாங்கப் போகும் எந்த அம்மாளும், “இது முதல் தரம்” என்று விற்பவர் சொன்ன மாத்திரத்தில் காசை எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. செவுளைத் தூக்கிச் சிவப்பாய் இருக்கின்றதா என்று பார்க்கின்றார். வயிற்றை விரலால் அழுத்திப் பார்க்கின்றார். கண் குழிந்திருந்தால் அடுத்த கூடைக்குப் போய்விடுகின்றார். ஒரு வேளைக் குழம்புக்கு இவ்வளவு பரீட்சை! ஆனால் அதே வீட்டு ஆண்மகன், கடன் வாங்கி லித்தியம் பாட்டரி வாங்கப் போகும்போது, கடைக்காரர் “சார், இது ஏ கிரேடு செல்” என்று சொன்னதும் வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வருகின்றார். இந்த வேடிக்கையைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத வேண்டியிருக்கின்றது.

வட சென்னைக்காரர் பாட்டரி வாங்குவதை ஆடம்பரமென்று யாரும் சொல்லிவிட முடியாது. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நாட்கணக்கில் விளக்கின்றிக் கிடந்த தெருக்கள் நம்முடையவை. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்படும் வரையில், ஊருக்கெல்லாம் வெளிச்சம் போனது, நமக்குச் சாம்பல் வந்தது. ஆகையால் வீட்டில் நாலு விளக்கும் ஒரு விசிறியும் நிற்காமல் ஓடவேண்டுமென்று ஆசைப்படுவது நியாயமே. அந்த நியாயமான ஆசைதான் இன்று சில வியாபாரிகளுக்கு முதலாகியிருக்கின்றது.

திருவொற்றியூரில் நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர், தொழிற்சாலையில் பிட்டராக இருப்பவர், 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று எழுதிய பாட்டரி ஒன்றை வாங்கினார். கடையின் பெயர் இங்கு வேண்டாம். கடைக்காரர் அவருக்கு மூன்று அத்தாட்சிகள் காட்டினாராம். ஒன்று, பெட்டியில் ஒட்டியிருந்த ‘ஏ கிரேடு’ சீட்டு. இரண்டு, செல்லின் தலையில் பொறித்திருந்த கியூ.ஆர். கட்டம். மூன்று, மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு செல்லும் 3.3 வோல்ட் காட்டியதை அவர் கண் எதிரிலேயே படித்துக் காட்டியது. இம்மூன்றின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்ப்போம்.

‘ஏ கிரேடு’ என்பதற்கு உலகம் முழுமைக்கும் பொதுவான சட்டமோ அளவோ கிடையாது. தொழிற்சாலையில் செல் தயாரானவுடன் முதல் சார்ஜ் ஏற்றி, சில நாள் சும்மா வைத்து, பிறகு அதன் கொள்ளளவையும், உள்தடையையும், சும்மா இருக்கும்போதே எவ்வளவு மின்சாரம் கசிகின்றது என்பதையும் அளக்கின்றார்கள். அந்தத் தொழிற்சாலை தனக்கு வகுத்துக்கொண்ட அளவுக்குள் எல்லாம் அடங்கினால் அது முதல் ரகம்; ஒன்றில் தவறினாலும் கீழ் ரகம். முதல் ரகம் பெரும்பாலும் மோட்டார் வண்டிக் கம்பெனிகளுக்கும் பெரிய மின் சேமிப்பு நிலையங்களுக்கும் ஒப்பந்தப்படி போய்விடுகின்றது. மிஞ்சியதும், தவறியதும், கிடங்கில் பல வருஷம் கிடந்ததும், ஓடிய வண்டியிலிருந்து கழற்றியதும் கைமாறிக் கைமாறிச் சில்லறைச் சந்தைக்கு வருகின்றன. புது நீலத் தோல் ஒன்றை மேலே சுருக்கி ஒட்டினால் எல்லாம் ‘ஏ’ தான்! பிறந்தபோது ஒட்டிய முத்திரையைக் கொண்டே ஆளின் தரத்தைச் சொல்லிப் பழகிய நாட்டில், செல்லுக்கும் அவ்விதமே நடப்பதில் ஆச்சரியமென்ன?

கியூ.ஆர். கட்டத்தின் சங்கதி இன்னும் விசேஷம். சீன தேசத்தில் 2017-இல் ஏற்பட்ட முறைப்படி ஒவ்வொரு செல்லுக்கும் 24 எழுத்துக்கொண்ட அடையாளம் உண்டு. எந்தத் தொழிற்சாலை, எந்தத் தேதி என்பதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய கட்டத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக லேசர் ஒளியால் பொறித்துக்கொள்வது பெரிய வித்தையன்று. கட்டத்தைச் சுற்றிச் சுரண்டிய தடம் இருக்கின்றதா, மின்முனையில் முன்பு பற்றவைத்ததை அராவிய வடு இருக்கின்றதா, பக்கம் உப்பியிருக்கின்றதா என்று பார்ப்பவருக்கு அந்தக் கட்டம் சொல்லாததையும் செல் சொல்லிவிடும்.

மல்டிமீட்டர் காட்டிய 3.3 வோல்ட்தான் மூன்றிலும் பெரிய பித்தலாட்டம். ஏனெனில் அது பொய்யல்ல, மெய். அதனாலேயே நம்பும்படி இருக்கின்றது. இரும்பு பாஸ்பேட் செல்லின் குணம் என்னவென்றால், கால் பங்கு நிறைந்திருந்தாலும் முக்கால் பங்கு நிறைந்திருந்தாலும் வோல்ட் ஏறக்குறைய 3.2, 3.3 என்றே நிற்கும். புதுச் செல்லும் அப்படித்தான், பாதி உயிர் போன செல்லும் அப்படித்தான். குடத்தின் வாயை அளந்து காட்டிவிட்டுக் குடம் இத்தனை படி கொள்ளும் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? உள்தடையை அளக்கும் தனி மீட்டர் கொஞ்சம் மேல். 280 ஆம்பியர்-மணிச் செல்லுக்குக் கால் மில்லி ஓம் அளவில் இருக்கவேண்டும், பதினாறு செல்லும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். ஆனால் அதுவும் கொள்ளளவுக்கு ஜாமீன் அல்ல.

கொள்ளளவை அறிய ஒரே வழிதான் உண்டு. நிரப்பு, காலி செய், எவ்வளவு வந்ததென்று அளந்து பார். நமது தோழர் அதைத்தான் செய்தார், பணத்தைக் கட்டிய பிறகு! 51.2-ஐ 100-ஆல் பெருக்கினால் 5,120 வாட்-மணி. அதாவது மின்வாரியக் கணக்குப்படி ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல். இன்வர்ட்டரில் பத்தில் ஒரு பங்கு போனாலும் நாலரை யூனிட் கைக்கு வரவேண்டும். பாட்டரியை நிறைய ஏற்றி, வெளி மின்சாரத்தை நிறுத்தி, நூறு வாட் குண்டு பல்பு ஐந்தை எரியவிட்டு, பிளக்கில் செருகும் யூனிட் மீட்டரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது மணி நேரம் எரியவேண்டியது ஆறு மணி நேரத்திற்குக் கொஞ்சம் மேல் எரிந்து அணைந்தது. மூன்று யூனிட் சொச்சம். பதினாறு செல்லில் ஏதோ ஒன்றிரண்டு சோடையானால் போதும். வரிசையாகக் கோத்ததில் மிக நோஞ்சானான செல் காலியானதும் பாட்டரிக்குள் இருக்கும் காவல் பலகை எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, “ஐ.எஸ். 16046 முத்திரை இருக்கின்றதே” என்றாராம். அது கையில் எடுத்துச் செல்லும் சாதனங்களின் செல்லுக்கு ஏற்பட்ட பாதுகாப்புச் சோதனை. எத்தனை யூனிட் தரும், எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. “ஆறாயிரம் சுற்று வரும்” என்றும் சொன்னாராம். தினம் ஒரு சுற்றென்றால் பதினாறு வருஷத்திற்கு மேல்! அந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் 25 டிகிரிச் சூட்டில், சோதனைச் சாலையில் போட்டது. சித்திரை மாதத்தில் தண்டையார்ப்பேட்டைத் தகரக் கூரையின் கீழ் 25 டிகிரி எங்கே இருக்கின்றது?

பணம் போவது மட்டுமன்று. இரும்பு பாஸ்பேட் என்று சொல்லிவிட்டு, பழைய மின் ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய நிக்கல்-கோபால்ட் செல்லைப் பெட்டிக்குள் வைத்தால், அது சீக்கிரம் சூடேறித் தீப்பற்றும் ஜாதி. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். நம் பக்கத்தில் ஒற்றை அறை வீடுகளில் பாட்டரியும் குழந்தையும் ஒரே சுவரோரம் படுத்திருக்கின்றன என்பதை நினைக்கவேண்டும்.

மட்டமான செல்லை விற்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. கீழ் ரகத்தைக் கீழ் ரகமென்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் ஏழைக்கு அதுவும் உபகாரமே. பழைய இரும்பைப் பழைய இரும்பென்று சொல்லி விற்கும் ராயபுரத்துக் காயலான் கடைக்காரரிடம் உள்ள நாணயம், கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் ஏன் இல்லை என்பதுதான் நம் கேள்வி.

இந்த இரும்பு பாஸ்பேட்டை மின்முனைக்கு உபயோகிக்கலாமென்று 1997-இல் வெளியிட்டவர்கள் டெக்ஸாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பாதி, நஞ்சுண்டசாமி, குட்எனஃப் ஆகிய மூவர். இவர்களில் குட்எனஃப் 2019-இல் வேறிருவரோடு நோபல் பரிசு பெற்றார். அவர்கள்கூட “நாங்கள் சொல்லுகிறோம், நம்புங்கள்” என்று சொல்லவில்லை. அளந்த அளவுகளைப் போட்டார்கள், மற்றவர்களும் அளந்து பார்த்தே ஒப்புக்கொண்டார்கள். பாட்டரிக் கடைக்காரர் அவர்களைவிடப் பெரியவரா?

ஆகவே, வாங்கப் போகும் தோழர்கள் செல்லின் கம்பெனி, ரகம், தயாரித்த தேதி, எத்தனை யூனிட் தரும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கவேண்டும். கடையிலோ வீட்டிலோ ஒரு முறை காலி செய்து காட்டிய பிறகே மீதிப் பணம் என்று சொல்லவேண்டும். மறுக்கின்ற கடையில் வாங்கவேண்டாம். ஏமாந்துவிட்டவர்களும் தலைவிதி என்று உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் இடத்திலேயே மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையில் கட்டணமில்லை. திருவொற்றியூர்த் தோழர் மனு எழுதிவிட்டார். பல்பு எரிந்த ஆறு மணி நேரத்துக்கும், அரைமணிக்கு ஒரு தரம் மீட்டரைப் பார்த்துப் பென்சிலால் குறித்த தாள் அதோடு சேர்த்துக் குத்தப்பட்டிருக்கின்றது.