உயிருக்கு 6 லட்சம், காருக்கு யார் பொறுப்பு? சாலைப் பள்ளங்களும் நெருள்வாசியின் இழப்பீட்டு உரிமையும்

நவி மும்பை: சாலைப் பள்ளங்களாலும் திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடைக் குழிகளாலும் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய், காயமடைவோருக்கு 50 ஆயிரம் முதல் 2.5 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபர் 13 அன்று உத்தரவிட்டது. அத்தொகையைச் சாலைக்குப் பொறுப்பான உள்ளாட்சி அமைப்பு அல்லது அரசு நிறுவனமே தர வேண்டும். நீதிபதிகள் ரேவதி மோஹிதே தேரே, சந்தேஷ் பாட்டீல் ஆகியோர் அடங்கிய அமர்வின் இந்த உத்தரவு, மும்பைப் பெருநகரப் பகுதி மக்களிடையே பரவலான வரவேற்பைப் பெற்றது. ஆனால் அன்றாடம் மிக அதிகமாக நேரும் ஓர் இழப்பைப் பற்றி அதில் ஏற்பாடு ஏதும் இல்லை. அது வாகனச் சேதம்.

பருவமழைக் காலத்தில் நெருளிலிருந்து செம்பூருக்கோ மாட்டுங்காவுக்கோ காரில் செல்பவருக்கு இந்த இடைவெளி புரியும். நீர் நிறைந்த பள்ளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு நொடியில் டயர் வெடிக்கிறது, சக்கரத்தின் விளிம்பு நெளிகிறது, சஸ்பென்ஷன் முறிகிறது. உடலில் கீறல்கூட இல்லாமல் தப்பியவர் அதற்காக நிம்மதி அடையலாம். எனினும் ஒர்க்‌ஷாப்பில் நீட்டப்படும் பல ஆயிரம் ரூபாய்க்கான பில்லை, சாலை வரியும் சொத்து வரியும் செலுத்திய அவரே கட்டியாக வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டு வழக்கு

இந்த உத்தரவின் வேர் 2013-இல் இருக்கிறது. மும்பைச் சாலைகளின் அவலநிலையைச் சுட்டிக்காட்டி, உயர் நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்த கௌதம் பட்டேல் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே பொதுநல வழக்காக ஏற்கப்பட்டது. செம்மையாகப் பராமரிக்கப்பட்ட சாலை என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2015 மே மாதத்தில் நீதிபதி அபய் ஓகா தலைமையிலான அமர்வு கூறியது. பள்ளங்களைப் பற்றிப் புகார் அளிக்க வசதி செய்தல், குறித்த காலத்துக்குள் அவற்றை மூடுதல் உள்ளிட்ட பல ஆணைகள் அப்போதும் 2018-இலும் பிறப்பிக்கப்பட்டன. மழைக்காலந்தோறும் பள்ளங்கள் திரும்பி வந்தன. நீதிமன்றத்தின் கண்டனங்களும் திரும்பி வந்தன.

2025 உத்தரவின் புதுமை அதன் செயல்முறையில் உள்ளது. மாநகராட்சிப் பகுதியில் ஆணையரும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரும் கொண்ட இருவர் குழு இழப்பீட்டை முடிவு செய்யும். விபத்து குறித்த தகவல் கிடைத்த ஏழு நாள்களுக்குள் குழு முதன்முறை கூட வேண்டும். கோரிக்கை பெற்ற ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் பணம் வழங்கப்பட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுடன் அதிகாரி தாமே பொறுப்பேற்க நேரிடும். கொடுத்த தொகையைத் தவறிழைத்த ஒப்பந்ததாரரிடமிருந்தோ அதிகாரியிடமிருந்தோ வசூலித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. பள்ளம் குறித்துத் தெரியவந்தால் 48 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதும் ஆணையின் ஒரு பகுதி.

வழக்கறிஞர் இல்லை, நீதிமன்றக் கட்டணம் இல்லை, ஆண்டுக்கணக்கில் வாய்தா இல்லை. சாமானியரைப் பொறுத்தவரை இந்த மூன்றும் தொகையைவிடப் பெரியவை. அந்த வாயில் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மட்டுமே திறந்திருக்கிறது என்பதுதான் கார் உரிமையாளரின் சிக்கல். சட்டமன்றங்களின் பார்வையும் இதுவரை அப்படியே இருந்துள்ளது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, தரமற்ற சாலைக்குக் காரணமான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது. அதுவும் மரணமோ ஊனமோ நேர்ந்தால் மட்டுமே.

உயிருக்கு முதலிடம் தரப்பட்டதில் குறை காண முடியாது. 2013 முதல் 2017 வரை நாடு முழுவதும் சாலைப் பள்ளங்களால் 14,926 பேர் உயிரிழந்ததாக 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோது, எல்லையிலோ பயங்கரவாதிகளாலோ கொல்லப்படுவோரைவிட இது அதிகமாக இருக்கக்கூடும் என நீதிபதி மதன் லோகூர் தலைமையிலான அமர்வு அதிர்ச்சி வெளியிட்டது. அந்தக் கணக்கு வெளிவரக் காரணமான சாலைப் பாதுகாப்பு வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன். ஆனால் டயரைக் கிழிக்கும் பள்ளமும் இருசக்கர வாகன ஓட்டியைச் சாய்க்கும் பள்ளமும் வேறு வேறல்ல. முன்னது செவ்வாய்க்கிழமை பதிவாகியிருந்தால் பின்னது வியாழக்கிழமை நேராமல் போகலாம்.

இது யாருடைய சாலை?

வாகனச் சேதத்துக்கு இழப்பீடு கோர விரும்பும் நெருள்வாசி முதலில் விடை காண வேண்டிய கேள்வி இது. நகரின் உட்புறச் சாலைகளும் பாம் பீச் சாலையும் 1992-இல் உருவான நவி மும்பை மாநகராட்சியின் பராமரிப்பில் உள்ளன. நெருளை ஒட்டிச் செல்லும் சயான்–பன்வேல் நெடுஞ்சாலை மாநில அரசின் பொதுப்பணித் துறைக்கு உரியது. வாஷி பாலம் கடந்து மும்பைக்குள் நுழைந்தால் மற்றொரு மாநகராட்சி. மெட்ரோ பணி நடக்கும் இடமானால் பெருநகர வளர்ச்சி ஆணையம். ஒரே பயணத்தில் சாலையின் உரிமையாளர் மூன்று நான்கு முறை மாறிவிடுகிறார். பள்ளம் எந்த எல்லையில் இருந்தது என்பதை நிறுவ முடியாதவரின் மனு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுக்கொண்டே இருக்கும்.

உரிமையாளர் மாறினால் சட்டமும் மாறுகிறது. மகாராஷ்டிர மாநகராட்சிகள் சட்டத்தின் 487-ஆவது பிரிவின்படி, மாநகராட்சி மீது வழக்குத் தொடுப்பதற்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்துமூலம் நோட்டீஸ் தர வேண்டும்; சம்பவம் நடந்த ஆறு மாதங்களுக்குள் வழக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 527-ஆவது பிரிவும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. பொதுப்பணித் துறை என்றால் அது மாநில அரசு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் தேவை. ஜூலையில் டயர் வெடித்தவர், பதில் வரட்டும் எனத் தீபாவளி வரை காத்திருந்து, பிறகு வழக்கறிஞரைத் தேடினால் கெடுவின் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

வழக்கு நிற்குமா என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் இரு திசைகளைக் காட்டுகின்றன. தில்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்த வழக்கில், கட்டடத்தைப் பராமரிக்கும் கடமை மாநகராட்சிக்கு உண்டு, அது இடிந்ததே அலட்சியத்துக்குப் போதிய சான்று என்று 1966-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், மாநகராட்சியைப் பொறுப்பாக்க இயலாது என 1997-இல் கூறிவிட்டது. மரம் எப்போது விழும் என்பதை அறிவது கடினம். பள்ளமோ நாள்கணக்கில் கண்முன்னே கிடப்பது. சாலைப் பராமரிப்பு மாநகராட்சியின் கட்டாயக் கடமைகளுள் ஒன்று என்று சட்டமே வரையறுக்கிறது. ஆகவே பள்ளத்தைப் பற்றி முன்னரே புகார் இருந்தது, இருந்தும் மூடவில்லை என்று காட்ட முடிந்தால் மனுதாரரின் நிலை வலுவடையும்.

நுகர்வோர் ஆணையத்தை நாடலாமே என்ற எண்ணம் பலருக்கு எழுகிறது. வரி செலுத்துவது சேவைக்கான கட்டணம் ஆகாது என்ற வாதம் அங்கே குறுக்கே நிற்கும். சுங்கக் கட்டணச் சாலையானால் நிலைமை வேறு. பணம் பெற்றுக்கொண்டு சேவை தரப்படுவதாக வாதிட இடமுண்டு. கேரளத்தின் எடப்பள்ளி–மண்ணுத்தி நெடுஞ்சாலை மோசமாக இருந்ததால் பாலியக்கரை சுங்கச்சாவடியில் கட்டணம் வசூலிக்க அந்த மாநில உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தடை விதித்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நெருள்வாசிக்கு இதிலும் ஒரு விநோதமான திருப்பம் காத்திருக்கிறது. 2024 அக்டோபர் முதல் வாஷி உள்ளிட்ட மும்பையின் ஐந்து நுழைவாயில்களில் கார்களுக்குச் சுங்கக் கட்டணம் ரத்து செய்யப்பட்டுவிட்டது. பணப்பைக்கு வந்த நன்மை, வாதத்துக்கு வந்த இழப்பு.

எஞ்சியிருப்பது காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்குச் சொந்தக் காரின் சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. முழுமையான காப்பீடு இருந்தாலும், டயர் மட்டும் பழுதானால் வழக்கமான பாலிசிகளில் இழப்பீடு இல்லை. காரின் வேறு பாகங்களும் சேர்ந்து சேதமடைந்திருந்தால் டயர் விலையில் பாதி கிடைக்கும். கட்டாயக் கழிவுத் தொகை போக, மறு ஆண்டில் கோரிக்கையின்மைச் சலுகையும் பறிபோகும். சிறிய சேதத்துக்குக் கோரிக்கை வைக்காதிருப்பதே லாபம் என்று உரிமையாளர் கணக்கிடுவது இதனால்தான். விளைவாக, பள்ளத்தின் செலவு காப்பீட்டு நிறுவனத்தின் ஏட்டிலும் ஏறுவதில்லை, மாநகராட்சியின் ஏட்டிலும் ஏறுவதில்லை.

இழப்பீடு ஒரு கணக்கேடு

பிற நாடுகளின் அனுபவம் இங்கேதான் பயன்படுகிறது. பிரிட்டனில் 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் சாலையைப் பராமரிக்கும் கடமையை 41-ஆவது பிரிவில் உள்ளாட்சிகள் மீது சுமத்துகிறது. பள்ளத்தால் கார் பழுதானால் உரிமையாளர் உள்ளாட்சிக்கு நேரடியாகக் கோரிக்கை அனுப்பலாம். சாலையை முறையாகச் சோதித்து, நியாயமான கவனம் எடுத்துக்கொண்டதாக நிரூபித்தால் 58-ஆவது பிரிவின் கீழ் உள்ளாட்சி தப்பலாம். அங்கும் ஏராளமான கோரிக்கைகள் நிராகரிக்கப்படுகின்றன என்பது உண்மையே. ஆனால் நிராகரிப்பதற்காகவாவது, எந்தத் தேதியில் எந்தச் சாலையைச் சோதித்தோம் என்ற பதிவேட்டை உள்ளாட்சி வைத்திருந்தாக வேண்டும்.

நியூயார்க் நகரம் 1979-இல் எதிர்த்திசையில் சென்றது. குறைபாடு பற்றி எழுத்துமூலம் முன்னறிவிப்பு பெற்று, 15 நாள்களாகியும் சரிசெய்யாதிருந்தால் மட்டுமே நகரம் பொறுப்பு என்று அங்கு சட்டம் வந்தது. இழப்பீட்டுச் செலவைக் குறைப்பதே நோக்கம். வழக்கறிஞர்கள் சளைக்கவில்லை. 1982-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, தெருத்தெருவாக ஆள் அனுப்பி, பள்ளங்களையும் உடைந்த நடைபாதைகளையும் வரைபடத்தில் குறித்து, கட்டுக்கட்டாக நகர நிர்வாகத்திடம் சமர்ப்பித்தனர். முன்னறிவிப்பு இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாதல்லவா!

நெருளின் குடியிருப்போர் சங்கங்களுக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. கார் பழுதாவதற்கு முன்பே அளிக்கப்பட்ட புகாரின் எண்தான் பின்னாளில் மிகச் சிறந்த சான்று. சம்பவம் நேர்ந்தபின், இடமும் நேரமும் பதிவாகும் புகைப்படம், பள்ளத்தின் ஆழத்தைக் காட்டும் படம், காவல் நிலையத்தில் அளித்த தகவலின் நகல், பழுதுபார்க்கும் முன் பெற்ற மதிப்பீடு, பணம் செலுத்திய ரசீது ஆகியவை வேண்டும். அந்தச் சாலையைக் கடைசியாகச் செப்பனிட்ட ஒப்பந்ததாரர் யார், அவரது பழுதுப் பொறுப்புக் காலம் முடிந்துவிட்டதா, அதே இடத்தைப் பற்றி எத்தனை புகார்கள் வந்தன என்பனவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம். ஆறு மாதக் கெடுவை நினைவில் கொண்டு, நோட்டீஸையும் தகவல் கோரும் மனுவையும் ஒரே வாரத்தில் அனுப்புவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும், 20 ஆயிரம் ரூபாய் சேதத்துக்காகப் பேலாப்பூர் உரிமையியல் நீதிமன்றத்தின் படியேறுவது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. வழக்குச் செலவு கோரும் தொகையை விழுங்கிவிடும் என்பது நிர்வாகங்களுக்கும் தெரியும். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யப் புதிய சட்டம் தேவையில்லை. ஏற்கெனவே அமைக்கப்பட வேண்டிய இருவர் குழுவின் வரம்புக்குள், ஓர் உச்சவரம்பு விதித்து வாகனச் சேதத்தையும் கொண்டுவந்தால் போதும். அதிகாரிகள் போலிக் கோரிக்கைகள் குவியும் என்று அஞ்சக்கூடும். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல. ஆனால் முன்புகாரும் காவல் நிலையப் பதிவும் இல்லாத மனுவை ஏற்பதில்லை என்ற விதியே அதில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும்.

முன்னுதாரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2015-இல் மும்பையில் சாலையை வாழ்வுரிமையாக அறிவித்த அதே அபய் ஓகா, 2019-இல் கர்நாடகத் தலைமை நீதிபதியாக இருந்தபோது, மோசமான சாலைகளால் பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கோர வழி செய்யுமாறு பெங்களூரு மாநகராட்சிக்கு உத்தரவிட்டார்.

அதுவரை நிலைமை இதுதான்: நெருளில் ஒரே பள்ளத்தில் ஒருவரின் கையும் முறிந்து காரும் சேதமானால், கைக்கான மனு ஆணையரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரும் அமரும் குழுவுக்குப் போகும், அங்கே எட்டு வாரத்துக்குள் முடிவு தெரியும். காருக்கான மனுவுக்குத் தனி நோட்டீஸ், தனி வழக்கு, தனி வழக்கறிஞர்.