‘எந்தத் தெரு?’ என்று கேட்கும் நண்பனுக்கு

“மச்சான், அந்தப் பொண்ணு எந்தத் தெரு?”

கடலூரிலோ சிதம்பரத்திலோ பிளஸ் டூ பையன் ஒருவன் முதல் காதலைச் சொன்னதும் நண்பன் கேட்கும் கேள்வி இது. கேட்பது முகவரியை அல்ல. ஊரா, காலனியா என்பதை. பதிலைப் பொறுத்து அவன் தூது போவான், அல்லது “நமக்கெதுக்குடா வம்பு” என்று ஒதுங்குவான், அல்லது பெண்ணின் அண்ணனுக்குப் போட்டோ அனுப்புவான்.

காதலுக்கு எதிரி பெற்றோர் என்றே பேசிப் பழகிவிட்டோம். பெற்றோருக்குச் சேதி கொண்டுபோகும் வகுப்புத் தோழனைப் பற்றிப் பேசுவதில்லை. 2012 இறுதியில் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குவதாகப் பேசினார். ‘நாடகக் காதல்’ என்ற அந்த அவதூறு இன்று மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நகைச்சுவையாகச் சுற்றுகிறது. பெண்ணுக்குச் சொந்த விருப்பம் இருக்கும் என்ற நினைப்பே அதில் இல்லை.

விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையை மறக்க முடியுமா? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்த முருகேசன் தலித். கண்ணகி வன்னியர். 2003 மே 5 அன்று பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதை வெளியே சொல்ல முடியாமல் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். ஜூலை 8 அன்று இருவருக்கும் நஞ்சு புகட்டி எரித்தார்கள். தீர்ப்பு வர 18 ஆண்டுகள் ஆயின. 2021இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்த 13 பேரில் இருவர் காவல்துறையினர்.

பழைய தலைமுறை போனால் சாதியும் போய்விடும் என்பவர்கள் 2025 ஜூலையைப் பாருங்கள். பாளையங்கோட்டையில் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரும் அந்தப் பெண்ணும் பள்ளிக் காலத்திலிருந்தே பழகியவர்கள். குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் பெண்ணின் தம்பி. கிழவர் அல்ல, நம் வயதுக்காரர்.

ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும். அதற்காகப் போராடுவோம். ஆனால் வழக்கு என்பது பிணம் விழுந்த பிறகு தொடங்குவது. நண்பன் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, முதல் நாளிலேயே, அங்கே இருக்கிறான். உளவாளியாகவும் இருக்கலாம், அரணாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை உன் நண்பன் வெட்கத்தோடு ஒரு பெயரைச் சொல்லும்போது தெருவைக் கேட்காதே. “அந்தப் பொண்ணுக்கும் உன்னைப் பிடிச்சிருக்காடா?” என்று மட்டும் கேள். காதலில் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.